பத்துக்குப் பன்னிரண்டு

கட்டாரிலிருந்து மச்சான் அனுப்பிய இருபத்துநாலு
அவனுடைய முழுச்சென்சர் கமராவில்
மலையையும் மலைக்குப் பின்னால் உள்ள மழையையும்
ஒரே வாயில் விழுங்கியது.
என்னுடையது சின்னச் சென்சர்.
ஒன்றரையால் பெருக்க, அதே லென்ஸ்
முப்பத்தாறாகி
கண்பட்டை கட்டிய குதிரைபோல் நேரே பார்க்கும்.

அட்டனில் இம்தியாஸ் நானா துணி விரித்து
இரண்டை எடுத்து வைத்தார்.
"பதினாறு எடுங்க. உங்க கமராவுக்கு
அதுதான் இருபத்துநாலு.
பத்தும் இருக்கு. ஆனா ஓரம் இழுக்கும், சொல்லிட்டேன்."

பில் புத்தகத்தின் பின்னட்டையில் கணக்குப் போட்டேன்.
கீழ்க்கணக்கு ஆறாம் லயம்,
முத்துவடிவின் காம்பரா
பத்துக்குப் பன்னிரண்டு.
சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும்
எதிர்ச்சுவருக்கு ஒன்பதடிதான்.
மச்சானின் லென்ஸுக்கு அந்தச் சுவரில்
ஒன்பதடி தெரியும்.
மிச்சம் மூன்றடியில்
அங்கே இரண்டு பேர் படுக்கிறார்கள்.

வீட்டுத் திட்ட மனுவுக்குப் படம் வேண்டும்,
ஒன்பது பேரும் ஒரே காம்பராவில்.
பத்தை வாங்கினேன்.
முன்பணம் போக மிச்சம் மாதாமாதம்.

எல்லோரும் அடங்கினார்கள்.
அடுப்பு, சாமிப்படம், சேலைத் தொட்டில்,
கூரைத் தகரத்தில் சொருகிய குடை கூட.
ஓரத்தில் நின்ற சன்னாசியின் தோள்
ரொட்டி மாவாய் இழுபட,
பிள்ளைகள் விழுந்து சிரித்தார்கள்.

முத்துவடிவு சிரிக்கவில்லை.
திரையில் அவளுடைய பின்சுவர்
அடுத்த மலையில் நின்றது.
"இது யாரு வூடு?
இம்மாம்பெரிய மடுவத்த வச்சிக்கிட்டா
இன்னொரு வூடு கேக்குறோம்?"

பத்தைக் கழற்றி
மச்சானின் இருபத்துநாலை மாட்டினேன்.
சுவர் கிட்ட வந்தது.
கூரை இறங்கியது.
முழங்கை முழங்கையில் இடித்தது.
ஏழு பேர் முழுசாய்.
சன்னாசி பாதி,
கொழுந்து நிறை குறைந்த நாளில்
அரைப்பேர் போடுவார்களே, அப்படி.
தொட்டில் வெளியே.
தொட்டிலுக்குள் இருந்த பிள்ளையும்.

அந்தப் படத்தைத்தான் கொண்டுபோனாள்.
ஒபிஸில் பேனாவால் தொட்டுத் தொட்டு எண்ணினார்களாம்.
"மனுவில ஒன்பது.
படத்தில ஏழரை தானே இருக்கு?"

"ஏழரைதான் சார்," என்றாளாம்.
"எங்களுக்கு
பொறந்ததுல இருந்து."

மனு இன்னும் மேசையில்.

பத்து இப்போது நுவரெலியாவில் உழைக்கிறது.
ஏரிக்கு மேல் ஒரு ஹோட்டல்,
அறை ஒவ்வொன்றும் பன்னிரண்டுக்குப் பதினாலு.
மனேஜருக்கு என் படங்கள் உயிர்.
கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு
பஸ் பிடித்துப் போகலாம்போல் இருக்கும்.
லென்ஸுக்கு இன்னும் நாலு தவணை.

அந்த அறைகளில் ஆள் நிற்பதில்லை.
யாரும் எண்ணுவதுமில்லை.