முடிவுத் தேதி: இல்லை

செவ்வாய்க்கிழமைகளில்
போன் இரண்டு முறை துடிக்கும்.
ஏழு இருபதுக்கு ஒன்று, ஏழரைக்கு ஒன்று.
நீலக் கட்டம். ஜிஎஸ்டி வகுப்பு.

அதற்கு முன் என் நேரமெல்லாம்
ஈபி கார்டின் பின்பக்கத்தில் பென்சிலாக இருந்தது.
"இப்படியே போனா நீ பாஸாக மாட்டே" என்று
பெனிட்டாதான் காலண்டரைத் திறந்து கொடுத்தாள்.
அவள் டியூஷனுக்குப் பச்சை,
சவரி டிரெய்லர் எடுக்கும் இரவுகளுக்கு ஆரஞ்சு,
எனக்கு நீலம்.
திரும்ப வருமா என்று கேட்டது.
வாரந்தோறும் என்று அழுத்தினாள்.
எதுவரை என்று கேட்டது.
அடுப்பில் ஏதோ தீய்கிற வாசம்.
இல்லை என்று அழுத்திவிட்டு ஓடினாள்.

ஒழுங்கான காலண்டர்தான்.
ஆனால் அதற்குக்
கொருக்குப்பேட்டை கேட் தெரியாது.
ஆறு ஐம்பதுக்கு யார்டில் கையெழுத்துப் போட்டு
ஷேர் ஆட்டோவில் முழங்கால் மடக்கி வந்தால்
கேட் விழுந்திருக்கும்.
ஒரு கூட்ஸ் போகும்.
எண்ண ஆரம்பித்து நாற்பதாவது பெட்டியில் விட்டுவிடுவேன்.
அது போனதும் எதிரிலிருந்து இன்னொன்று.
உள்ளீட்டு வரி வரவு என்றால் என்னவென்று
முதன்முதலாகப் புரிந்தது அங்கேதான்,
ஒரு மீன்கூடைக்கும் ஒரு புல்லட்டுக்கும் நடுவில்.
மைக்கை அணைக்க மறந்து
ரயில் கூவியதை முப்பத்தொரு பேரும் கேட்டார்கள்.
"யாரும்மா ரயில்ல இருக்கறது?" என்றார் சார்.
ரயிலில் இல்லை சார்,
ரயிலுக்கு வெளியே.

தண்ணி லாரியும் அதற்குத் தெரியாது.
ஒருநாள் நானே மஞ்சளில் போட்டுவைத்தேன்:
லாரி, ஏழு மணி.
லாரி காலண்டர் பார்ப்பதில்லை.
எட்டு பத்துக்கு வந்தது, நடுத் தேர்வில்.
இடுப்பில் குடம், கையில் பதினாறாவது கேள்வி.
நான்கு விடைகளில் கட்டைவிரல் போய் விழுந்தது
சரியான விடையாம்.
இன்னும் நம்பவில்லை.

மார்ச்சில் முடிந்தது வகுப்பு.
சான்றிதழ் பிடிஎஃபாக வந்தது.
யார்டில் காட்டினேன். சம்பளம் ஏறவில்லை.
நாற்காலி மாறியது,
ஃபேனுக்கு நேர் கீழே.

அடுத்த செவ்வாயும் போன் துடித்தது.
அழிக்கத்தான் விரல் போனது.
அதற்குள் சவரி டிவி சத்தத்தைக் குறைத்து
"கிளாஸுக்கு நேரமாச்சு, மேல போ" என்றான்.
பெனிட்டா கேட்காமலே சோறு வடித்தாள்.
போனேன்.

மொட்டைமாடி.
தண்ணீர் டேங்குக்குப் பின்னால் கவிழ்த்த பெயின்ட் பக்கெட்.
காதில் இயர்போன், அதில் ஒன்றுமில்லை.
மணலிப் பக்கம் புகைபோக்கி உச்சியில் தீ
சாய்ந்து, நிமிர்ந்து, சாய்ந்து.
கீழே ரோட்டில் துறைமுகத்துக்கு வரிசை கட்டிய கன்டெய்னர்கள்.
ஒன்று இரண்டடி நகர
எல்லாம் இரண்டடி நகர்கின்றன.
எண்ணெய் வாடை, காற்று திரும்பினால் கருவாடு.
ஒரு மணி நேரம்
யாருக்கும் நான் தேவைப்படவில்லை.
எட்டரைக்கு இறங்கி வந்து
"இன்னிக்கு ரிவிஷன்" என்றேன்.
அப்படியே ஏழு வாரம் ரிவிஷன்.

போன செவ்வாய் பெனிட்டா மேலே வந்தாள்.
"என்ன நடத்துறாங்க?"
பதிலுக்குக் காத்திராமல் பக்கத்தில் குந்தி
என் இடது காதிலிருந்ததைக் கழற்றித்
தன் காதில் வைத்துக்கொண்டாள்.
தீ சாய்ந்தது. நிமிர்ந்தது.
ரொம்ப நேரம் கவனமாகக் கேட்டாள்,
என்னைவிட நல்ல மாணவி.
பிறகு அதைத் தாவணியில் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு
படியிறங்கிப் போனாள்.

இன்று வெள்ளிக்கிழமை.
ஏழு இருபதுக்குப் போன் துடிக்கிறது.
நீலக் கட்டம்.
நான் போட்டதில்லை.
தொட்டுப் பார்க்கிறேன்.
வாரந்தோறும்.
முடிவுத் தேதி: இல்லை.