கிரைண்டர் வேகம்

அந்தப் பாட்டு உண்மையில் அவ்வளவு வேகமாம்.
எனக்குத் தெரியாது.
போன வாரம் பொவாயில் ஒரு ஓட்டலில்
சட்னி எங்கே என்று நான் திரும்பியபோது
கூரை ஸ்பீக்கரிலிருந்து ஓடி வந்தது அது,
கடைசி லோக்கலைப் பிடிக்கப் போகிறவளைப் போல
மூச்சிரைத்துக்கொண்டு.

எங்கள் வீட்டில் அது நடந்துதான் வரும்.

தாராவியில், தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால்
பத்துக்குப் பன்னிரண்டு அறை.
பாதி கிரைண்டருக்கு.
மீதியில் நாங்கள் ஐந்து பேர்,
உளுந்து மூட்டை, அப்பாவின் சைக்கிள்,
பரண்மேல் ஒரு டேப்ரிக்கார்டர்.
பள்ளிவிட்டு வரும்போதே
கல் சுற்றிக்கொண்டிருக்கும்.
குண்டு பல்பு எலுமிச்சை நிறத்தில் பழுத்திருக்கும்.
மின்விசிறியின் இறக்கைகளை எண்ணலாம்.
அந்த மின்சாரத்தில்
பாடுகிறவள் பெண் என்றே எங்களுக்குத் தெரியாது.

கிரைண்டர் நின்றால் பாட்டும் நிற்க வேண்டும்.
அப்பாவுக்கு எட்டு மணிக்குத் தூக்கம்,
இரண்டு மணிக்கு அடுப்பு.
விடியும்போது அவர் ஹாரன் சயான் பாலம் தாண்டியிருக்கும்,
அலுமினிய அண்டாவில் நானூறு இட்லி.

அந்தக் கனத்த குரலை
அக்கா பொன்மதி காதலித்தாள்.
கேசட்டுக்கு அட்டை கிடையாது, அதனால்
முகத்தை அவளே வரைந்துகொண்டாள்.
மீசை வைத்தாள்.

லேபர் கேம்ப்பில் சந்தீப் பர்மார்
இரண்டு கேசட் போடும் டெக் வைத்திருந்தான்.
ஒரு பக்கம் பதிய எட்டு ரூபாய்.
நாங்கள் கொடுத்தது பத்து இட்லி,
ஒரு தூக்கு புளிமிளகாய்.
முதல் வாயிலேயே கண்ணில் நீர் கொட்ட
'அவுர் ஹை க்யா' என்று கேட்டுக்கொண்டே
எண்ணெய் விரலால் பொத்தானை அழுத்தினான்.
அவசரத்தில் கடைசிப் பாட்டுக்கு நாடா போதவில்லை.
முடிவுக்குக் கொஞ்சம் முன்னால்
டக்.
அவ்வளவுதான்.

அக்கா வரிகளை உளுந்துக் கணக்கு நோட்டில்
தமிழ் எழுத்தில் எழுதினாள்.
பச்சரிசி இருபது கிலோ, பாக்கி நாற்பத்தைந்து,
அதற்குக் கீழே புரியாத இங்கிலீஷ்.
அகராதி பார்த்து
பேபி என்று வந்த இடத்திலெல்லாம்
கைக்குழந்தை என்று பொருள் எழுதினாள், பதினேழு முறை.
மாசக் கடைசியில் கணக்குப் பார்த்த அப்பா
'ஏட்டி, யாருக்குட்டி இத்தன கைக்கொழந்த?' என்றார்.
அம்மா சொதிக்குப் பிழிந்துகொண்டிருந்த தேங்காய்ப்பாலை
அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.
அன்று ராத்திரி முழுக்க விசாரணை.
சொதி திரிந்துபோனது.
திரிந்த சொதியைத்தான் எல்லாரும் தின்றோம்,
இஞ்சித் துவையலைத் தொட்டுக்கொண்டு,
யார் முகத்தையும் யாரும் பார்க்காமல்.
அப்பாதான் முதலில் சிரித்தார்.

மாவுக் கையோடு கேசட்டைத் திருப்பித் திருப்பி
பொத்தான்களில் வெள்ளையாகக் காய்ந்திருக்கும்.
மழைக்காலத்தில் மூடியைத் திறந்தால் புளித்த வாசம்.
ராத்திரியில் மாவோடு சேர்ந்து
பாட்டும் பொங்குகிறது என்று
நெடுநாள் நம்பினேன்.

ஓட்டலிலிருந்தே அக்காவுக்குப் போன் செய்தேன்.
நாலாசோப்பாராவில் இருக்கிறாள்.
மாவு பாக்கெட்டில் வாங்குகிறாள், அதைச் சொல்ல வெட்கப்படுவாள்.
'நம்ம பாட்டு' என்றேன்.
எந்தப் பாட்டு என்று கேட்கவில்லை.
குக்கர் விசில்களுக்கு நடுவே பாட ஆரம்பித்தாள்,
அதே கனத்த குரலில்,
ஒவ்வொரு சொல்லும் ஈர உளுந்தைத் தள்ளிக்கொண்டு வருவதுபோல.
வழக்கமான இடத்தில் நின்றாள்.
நாக்கால் டக் என்றாள்.

'அங்க முழுசாப் போட்டிருப்பானே,
கடைசில என்னல வருது?'

'தெரியலக்கா.
அதுக்குள்ள சட்னி வந்துட்டு.'