நான்கு நிற நூல்

வால்பரைசோ நகராட்சி, புகார்ப் பிரிவு,
மூன்றாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் துறைமுகக் காற்று
காகிதங்களைப் புரட்டிப் படிக்கும்,
அதனால் சாத்தியே வைத்திருந்தோம்.

சுவரை அடைத்து நாற்பத்திரண்டு இழுப்பறை.
விளக்கு. நாய். படிக்கட்டு. குடிநீர். இரைச்சல்.
ஒரு கடிதத்துக்கு ஓர் அறை
என்பது எவரிஸ்தோவின் சட்டம்.
அவர் வீட்டில் பிள்ளைகள்கூட
நாற்காலி மாறி உட்கார முடியாது.

ஆனால் ஒத்திலியா முன்யோஸ் எழுதியிருந்தாள்:
"லூசெரோ படிக்கட்டில் விளக்கு எரியவில்லை.
இருட்டில் உங்கள் நாயை மிதித்துவிட்டேன்,
யாருடையதும் இல்லையென்றால் நகராட்சியுடையதுதானே.
அது குரைத்தால் கீழ்வீட்டு பெலார்மினோ
ட்ரம்பெட் எடுக்கிறான்.
எழுபத்தோராம் படி உடைந்து கிடக்கிறது.
ஆவன செய்யவும்."

செய்யலாம். எந்த அறையில் வைத்து?

காலையில் விளக்கில் போட்டேன்.
மதியம் மனம் கேட்காமல் நாய்க்கு மாற்றினேன்.
சாயங்காலம் படிக்கட்டு.
வீடு திரும்பும் பேருந்தில்
நான் கேட்டேயிராத அந்த ட்ரம்பெட்
காதை விட்டுப் போகவில்லை.

மறுநாள் அக்காவின் பின்னல் கூடையில்
கை வைத்தேன். விளக்குக்கு மஞ்சள்,
நாய்க்குப் பழுப்பு, படிக்குச் சாம்பல்,
இரைச்சலுக்கு ஒரு கண்றாவிச் சிவப்பு.
கடிதம் ஓர் அறையில் படுத்திருக்க
நூல்கள் மட்டும் மற்ற அறைகளுக்குப் போயின,
சம்பந்தி வீட்டுக்குப் போய்வருவதுபோல.

மே மாதம் பெலார்மினோவே எழுதினான்,
எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து:
"மேல்வீட்டு அம்மா ராத்திரி முழுக்க இருமுகிறாள்.
நான் விழித்திருக்கிறேன் என்று தெரியட்டும்,
அதற்குத்தான் ஊதுகிறேன்.
படியில் விளக்கு இருந்தால்
நேரில் போய்க் கேட்டிருப்பேன்."

மஞ்சளோடு மஞ்சளை முடிந்தேன்.
சிவப்போடு சிவப்பை.
இருமலுக்கு நிறம் கிடைக்காமல்
என் சட்டைப் பொத்தானின் வெள்ளை நூலைப் பிய்த்தேன்.

ஆகஸ்டில் தணிக்கை.
எவரிஸ்தோ குடிநீர் அறையிலிருந்து
ஒரே ஒரு ரசீதை உருவினார்.
கூடவே ஒரு குழாய் வந்தது,
குழாயோடு ஒழுகும் கூரை, கூரையோடு நாய்,
நாயைத் தொடர்ந்து லூசெரோ படிக்கட்டு மொத்தமும்,
கடைசியில் ட்ரம்பெட்.
முழங்கால்வரை நூல்.

"என்ன இது?"
"குன்று, ஐயா."

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.
பிறகு கத்தரிக்கோல் கேட்டார்.

அது எந்த அறையில் இருக்கிறதென்று
எனக்குத் தெரியும்.
நாற்பத்திரண்டையும் ஒவ்வொன்றாக,
மிக மெதுவாக,
அவருக்குத் திறந்து காட்டத் தொடங்கினேன்.