ஐந்து டாலர் ரம்பம்

ஈஸ்டனில், காலேஜ் ஹில் ஏறும் தெருவில்
கராஜ் கதவைத் தூக்கிவிட்டு
வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள் டோரின் ஹாஸ்.
வாஃபிள் சுடும் இரும்பு, ஜோடியில்லாத பனிச்சறுக்குக் கட்டை,
பெயின்ட் வாளிக்குள் தலைகீழாய்ச் செருகிய
ஒரு கைரம்பம்.

கைப்பிடி முழுக்கப் பச்சை. தகடு முழுக்கத் துரு.
ஆனால் முதுகின் நுனியில் அந்தச் சின்ன மூக்கு.
எதற்காக வைத்தார்களென்று
இன்றுவரை எவருக்கும் நிச்சயமில்லாத மூக்கு.
நாடி ஒருமுறை தாண்டித் துடித்தது.
முகத்தை மட்டும்
தேங்காய் விலை கேட்பவளைப் போல் வைத்துக்கொண்டேன்.

ஐந்து டாலர் என்றாள்.
பேரம் பேசவில்லை; அங்கேயே மாட்டியிருப்பேன்.
பேரம் பேசாதவள் எதையோ தெரிந்தவள்.
கையில் காசில்லை,
போனிலிருந்து போனுக்கு அனுப்பினேன்.

வீட்டில் இதற்கெல்லாம் மரியாதை கிடையாது.
பழைய கேட்லாக்கைச் சாப்பாட்டு மேசையில் பிரித்தால்
"ரம்பம் ஆரம்பிச்சாச்சு" என்று
தட்டோடு எழுந்து போவான் மகிழ்நன்.
அவன் அப்பா நாகரிகமானவர்,
இயர்போன் மாட்டிக்கொண்டு தலையாட்டுவார்.

பித்தளை வில்லையில் அப்பியிருந்த பச்சையை
நகத்தால் சுரண்டினேன், பிறகு மூங்கில் குச்சியால்.
கம்பித் தூரிகை ஆகாது, எழுத்தைத் தின்றுவிடும்.
பிலடெல்பியா வந்தது.
டிஸ்டன் வந்தது.
'அண்டு சன்' வந்தது.
அதற்குப் பின்னால்
ஏதாவது இருக்கிறதா?

எல்லாம் அந்த ஓர் எழுத்தில்.
மகன் என்றிருந்தால்
ஆயிரத்தெண்ணூற்று எழுபத்தொன்றுக்கு முன்.
மகன்கள் என்றால் பிந்தியது, எங்கும் கிடைப்பது.
பிள்ளைகள் ஒவ்வொருவராய்க் கம்பெனிக்குள் வர
என்னைப் போன்றவர்களிடம்
மதிப்பு இறங்கிப்போன குடும்பம்.

ஆங்கிலத்தில் மகனுக்கு எத்தனை எஸ் சேர்த்தாலும்
மகன்களே வருவார்கள்.
தமிழில் பழைய கணக்கு வேறு.
மகனைப் பன்மையாக்கினால் மக்கள்,
மகளும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள்.
நியாயமான இலக்கணம்.
சொத்துப் பத்திரத்தில் மட்டும் அது செல்லவில்லை.

பூதக்கண்ணாடியை வைத்தேன்.
இருந்தது எஸ்.
தேய்ந்து, பாதி வளைவாய்,
இல்லையென்று சத்தியம் செய்ய முடியாத அளவுக்கு.
சரி. ஐந்து டாலர் பொருள், ஐந்து டாலருக்கு.

கைப்பிடியை உரித்தபோதுதான்
ஆப்பிள் மரத்தில் கத்தியால் கீறிய இரண்டெழுத்து:
டி. எச்.

டோரின் ஹாஸ்!
ஒன்பது வயதில் கீறியிருப்பாள்.
அண்ணனுக்கென்று அப்பா ஒதுக்கியதை
எனதென்று எழுதியிருப்பாள்.
அடி வாங்கியிருப்பாள்.
அதை மறைக்கத்தான் பச்சை.
ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல் என்று
எண்ணி முடிப்பதற்குள்
ஒரு குடும்பச் சண்டையையே கட்டி எழுப்பிவிட்டேன்.

பணம் அனுப்பிய எண் இருந்தது. கூப்பிட்டேன்.
உங்கள் பெயர் இருக்கிறது, திருப்பித் தருகிறேன் என்றேன்.
இருமல் வரும்வரை சிரித்தாள்.
"எனக்கு அண்ணனே கிடையாது.
டியூக் ஹாஸ். எங்கள் நாய்.
அவன் கூண்டுக்குப் பலகை அறுத்த ரம்பம்.
பெயின்ட்டும் அதில் மிஞ்சியதுதான்."

"அறுத்தது உங்கள் அப்பாவா?"

"அவருக்கு நேர்க்கோடே வராது.
நான்தான்."

முக்கோண அரத்தை எடுத்தேன்.
ஒரு பல் விட்டு ஒரு பல்,
பிறகு ரம்பத்தைத் திருப்பி விட்டுப்போன பற்கள்.
துருவை எடுத்தேன், கருமையை விட்டேன்.
நாயின் பெயருக்குள் மட்டும்
கொஞ்சம் பச்சை இருக்கட்டும் என்று தோன்றியது.

நள்ளிரவில் ஒரு பைன் பலகை.
முதல் தள்ளலில் திக்கியது,
மூன்றாவதில் பாதை கிடைத்தது.
கோடு கோணலாகத்தான் போனது,
டோரினின் அப்பாவை எனக்குப் பிடித்துப்போனது.

உள்ளேயிருந்து தூக்கக் குரல்:
"அம்மா, அறுக்காதே!"

பாதிப் பலகை பாக்கியிருந்தது.