கோப்பையின் எடை

எனக்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது.
பிஷப்ஸ்கேட் சத்திரத்து முற்றத்தில்
மதியம் இரண்டு மணிக்குக்
குழலூதி ஓய்ந்ததும்
அரசனாக வந்து உட்காருவேன்.
ராணி வந்து அணைப்பாள்:
பதினாலு வயது லாம்பர்ட்,
வாயெல்லாம் வெங்காய வாடை.
கோப்பையை வாங்குவேன், குடிப்பேன்,
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவேன்.
பாதிக் கூட்டம் அப்போதுதான்
கொட்டை உடைத்துக்கொண்டிருக்கும்.
காலைப் பிடித்து இழுத்துப் போவார்கள்.
பிறகுதான் நாடகம்.
நடந்து முடிந்ததை
வாய் வலிக்க வலிக்கப் பேசித் தீர்ப்பார்கள்.

செத்தவனுக்கு என்ன வேலை?
திரை ஓட்டையில் கண் வைத்து நிற்பேன்.

பேச்சு தொடங்கியதும்
ஒருத்தி மட்டும் கிளம்பிவிடுவாள்.
தோல் பதனிட்டுக் கறுத்த கைகள்.
பெயர் சிஸ்லி ஹோக்,
பிறவியிலேயே காது கேளாது என்றான்
வாசலில் காசு வாங்குபவன்.
ஒரு முழு பென்னி கொடுத்து
என் சாவை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவள்.

வியாழக்கிழமை போகவில்லை.
பின்கட்டுக்கே வந்துவிட்டாள்.
கையைக் கோப்பையாகக் குவித்து
விருட்டென்று வாய்க்கு உயர்த்தினாள்,
அச்சாக என்னைப்போலவே.
இல்லை என்று தலையாட்டினாள்.
மறுபடி உயர்த்தினாள், மெதுவாக.
மணிக்கட்டு கொஞ்சம் தாழ்ந்தது.
அந்த வெறுங்கையில்
ஏதோ தளும்பியது.

மறுநாள் கிணற்று நீர் நிரப்பிக்கொண்டேன்.
இரவல் வெல்வெட்டில் சிந்தியதற்குக்
கூலியில் இரண்டு பென்னி வெட்டு.

விழுந்து கிடந்தபடி
ஒற்றைக் கண்ணை லேசாகத் திறந்தேன்.
அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.
சிரிப்பா திகிலா என்று
பார்ப்பதற்குள்
காலை இழுத்துவிட்டார்கள்.