யாரும் இருமாத வீடு

முஹர்ரக்கில் எங்கள் கூரைக்கு மேல்தான்
விமானங்கள் சக்கரத்தை இறக்கும்.
பேச்சு பாதியில் நிற்கும், சோறு வாயில் நிற்கும்.
சத்தம் போன பிறகு
விட்ட சொல்லிலிருந்து தொடர்வோம்.
இன்றும் நான் அப்படித்தான் பேசுகிறேனாம்,
நடுவில் எதற்கோ காத்திருந்து.
கணவர் சொல்கிறார்.

அம்மா பெண்கள் சிறையில் இருந்தாள்.
அப்பா அவளைக் கையெழுத்துப் போடச் சொன்ன காசோலைகள்
ஒவ்வொன்றாய்த் திரும்பி வந்தன.
அப்பா திரும்பவில்லை.
எனக்குப் பத்து வயது, அஜினுக்கு நாலரை.
உம் ஜாஸிம் எங்கள் பனியன் கழுத்தில்
சிவப்பு நூலால் எண் தைத்தார்.
எனக்கு ஒன்பது, அவனுக்குப் பத்து.
இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார்.
அன்றைக்கு எனக்குப் புரிந்த அரபி அந்த விரல்கள்தான்.

பதினான்கு கட்டில்.
எரித்திரியாக்காரி சலாம் தூக்கத்தில் எண்ணுவாள்,
முப்பதைத் தாண்ட மாட்டாள்.
ஜெரால்டு பல்லைக் கடிப்பான்.
ஏசிக் காற்றில் யாருக்காவது எப்போதும் சளி.
மார்ச்சில் பிறந்த நாலு பேரும்
ஒரே மெழுகுவர்த்தியை ஊதினோம்.
எச்சில் தெறித்த கேக்கை
யாரும் வேண்டாமென்றதில்லை.
காலை ஏழுக்கு ஆயாக்கள் மாறுவார்கள்.
ஒருவர் பாதி பின்னிய சடையை
அடுத்தவர் அவிழ்த்து வேறு மாதிரிப் பின்னுவார்.
அது வலிக்கும். அதை மறைக்க மாட்டேன்.

பிறகு தாம்சன் மாமாவும் மாமியும் வந்தார்கள்.
சபையில் முன்வரிசைக்காரர்கள்,
பிள்ளையில்லாதவர்கள், நல்லவர்கள்.
மாமி என் தலையைத் தடவிவிட்டு
அவனைத் தூக்கிக்கொண்டார்.
“சின்னவன்னா சீக்கிரம் பழகிருவான்.”
அந்த அலுவலக அறைக் கதவு சரியாகச் சாத்தாது.

முதலில் ஒரு வாரக்கடைசி மட்டும்,
பார்த்துச் சொல்ல.
வியாழன் சாயங்காலம் கார் நின்றது.
சட்டைப் பொத்தானைப் போடுகிற சாக்கில்
அவன் காதில் சொன்னேன்:
“ராத்திரி மெத்தையிலேயே ஒண்ணுக்குப் போயிரு.
ரெண்டு ராத்திரியும்.”
சிப்பாய் மாதிரித் தலையாட்டினான்.

சனிக்கிழமை திரும்பி வந்தான்,
மிதித்தால் மின்னும் ஷூவோடு.
மாமியின் கண் சிவந்திருந்தது.
உம் ஜாஸிம் கோப்பில் ஏதோ எழுதி மூடினார்.
அவன் கட்டிலுக்கடியில் ஊர்ந்துபோய்
இருட்டில் காலை உதைத்து உதைத்து மின்னவிட்டான்.
நானும் உள்ளே போய்ப் படுத்தேன்.
“அங்க எனக்கு மட்டும் ஒரு ரூமுக்கா.
லைட்டை அணைச்சா யாருமே இருமல்ல.
எல்லாரும் செத்துப் போனாவன்னு கத்தினேன்.”
மெத்தையைப் பற்றி அவன் சொல்லவில்லை.
நான் கேட்கவில்லை.

ஆறு வருடம் கழித்து அம்மா வந்தாள்.
மூன்று பேருக்குச் சோறு எவ்வளவு என்று
எங்கள் மூவருக்குமே தெரியவில்லை.

பரிதாபப்படுகிறவர்களிடம் நான் சொல்வதுண்டு:
என் தம்பியை என்னிடமிருந்து பிரிக்காத
ஒரே இடம் அதுதான்.
சொல்லிவிட்டு,
பிரிக்கவிடாதது யார் என்று
மனசுக்குள் ஒரு பொத்தானைப் போட்டு அவிழ்ப்பேன்.

அஜின் இப்போது தம்மாமில்.
மகனுக்குத் தனி அறை இருக்கிறது, கட்டில் இருக்கிறது,
மூவரும் ஒரே அறையில் படுக்கிறார்கள்.
போன மாதம் போனில் உடைத்துச் சொன்னேன்:
நான்தான்டா உன்னை அப்படிச் செய்யச் சொன்னேன்,
உனக்கு ஒரு வீடு கிடைத்திருக்கும்.

சிரித்தான்.
“செஞ்சேனேக்கா. ரெண்டு ராத்திரியும்.
மாமி ஒரு வார்த்தை திட்டல்ல.
விரிப்பை மாத்திட்டு
எனக்கப் பக்கத்துல தரையில கிடந்தாவ,
விடியிற வரைக்கும்.
நான்தான் காலையில
அக்காட்டப் போணும்னு அழுதேன்.
ஹலோ? அக்கா?
மேல பிளேன் ஏதும் போவுதா?”

எதுவும் போகவில்லை.