இடது கன்னத்தில் ஒருவன்

சனவரி ஐந்து. அபிசாக்கோ நகர வானமெல்லாம் கடிதம்.
பலூனில் கட்டி விட்டால்
மூன்று ராஜாக்களுக்குப் போய்ச் சேருமாம்.
எஃப்ரேனின் பலூன் மின்கம்பியைத் தாண்டவில்லை.
"ராஜா கம்பியில ஏறிப் படிப்பார்" என்றான்.
ஐந்து வயது. எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பான்.

இரவில் வாசலில் ஷூக்களை வைத்தோம்.
ஒட்டகத்துக்கும் குதிரைக்கும் ஒரு கைப்பிடி வைக்கோல்,
யானைக்கு என்ன போடுவதென்று தெரியாமல்
ஒரு வாழைப்பழம்.
காலையில் ஷூவுக்குள் பம்பரம்.
யானை தோலை மட்டும் விட்டுப் போயிருந்தது.

மாலையில் மேசை நீளத்துக்கு ஒரு ரொட்டி,
நடுவில் ஓட்டை, மேலே அத்திப்பழமும் சர்க்கரைப் பட்டையும்.
பெயர் ரோஸ்கா.
உள்ளே எங்கோ சுண்டுவிரல் அளவில்
ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குழந்தை.
ஏரோதின் சிப்பாய்கள் தேடி வந்தபோது
ஏசுக் குழந்தையை ஒளித்தார்களே, அந்தக் கதை.
கதையை யாரும் நினைத்துக்கொள்வதில்லை.
விதிதான் எல்லோருக்கும் மனப்பாடம்:
யார் துண்டில் பொம்மையோ
அவர் வீட்டில் பிப்ரவரி இரண்டு தமால் விருந்து.

கத்தி கைமாறியது. அவரவர் துண்டை அவரவரே வெட்டணும்.
எவாரிஸ்தோ மாமா மிக மெல்லிசாய் வெட்டினார்.
"இது துண்டா, தபால்தலையா?"
ரொட்டி தீர்ந்தது. துகள் மிச்சம். பொம்மை இல்லை.
மாமாவின் சட்டைப்பை, காலுறை,
மீசைவரை சோதனை நடந்தது.
ஓஃபேலியா அத்தை பேக்கரிக்கே போன் போட்டுச்
சண்டை பிடித்தாள்.
எஃப்ரேன் மட்டும் சாக்லேட்டைத் தொடவில்லை.
என்ன கேட்டாலும் தலையாட்டல்.
எதற்கும் பதில் வைத்திருப்பவன்!

பல் துலக்கும்போதுதான் பார்த்தேன்,
இடது கன்னம் புடைத்திருந்தது.
துப்பு என்றேன்.
கண்ணாடிக்குள்ளிருந்து கதவைக் காட்டினான்.
சாத்தினேன்.
உள்ளங்கையில் எச்சிலோடு விழுந்தது.
"எல்லார் கையிலயும் கத்தி இருந்துச்சு" என்றான்.
"போயிட்டாங்களா?"

பிப்ரவரி இரண்டு.
இரவல் அண்டாவில் நூற்றுப் பத்து தமால்,
அம்மாவுக்கு முழங்கைவரை சோளமாவு,
வாளியில் ஊறும் சோளத் தோகை.
மாமா ஏழு தின்றார்; எட்டாவதை
அத்தை எண்ணிவிட்டாள்.
தமாலுக்குக் கத்தி வேண்டாம்,
தோகையை விரலால் பிரித்தால் போதும்.
எஃப்ரேன் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி
அதை உறுதி செய்துகொண்டான்.
அப்புறம்தான் சட்டைப்பையிலிருந்து
அவனை வெளியே எடுத்து
உப்புக் கிண்ணத்தில் சாய்த்து உட்கார வைத்தான்.